அமெரிக்கர்களும் உள்ளூர்ப் போலீஸும்: வயதும் நிறமும் மாறினால் பார்வை மாறுவது ஏன்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் போலீஸ் கையால் யாராவது இறந்து அது செய்தியாகும்போதெல்லாம், ஊரிலிருந்து எனக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வந்து சேரும். அண்ணன் மகன் கேட்பான், கூடப் படித்தவர்கள் கேட்பார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கேட்பார். ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இருபது ஆண்டுகளாக இங்கே இருப்பவன், கருத்துக்கணிப்பு எண்களைப் படிப்பதில் கொஞ்சம் பித்து உள்ளவன் என்ற இரண்டு தகுதிகளோடு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

அமெரிக்காவில் ‘உள்ளூர்ப் போலீஸ்’ என்றால் யார்?

தமிழ்நாட்டில் கன்னியாகுமரி கான்ஸ்டபிளும் கும்மிடிப்பூண்டி கான்ஸ்டபிளும் ஒரே துறையின் ஆட்கள். மேலே ஒரு டிஜிபி, கீழே ஒரே சங்கிலி. அமெரிக்காவில் அப்படி எதுவும் கிடையாது. சுமார் 18,000 தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. நகரத்துக்கு ஒரு போலீஸ், கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) ஒரு ஷெரிஃப், மாநிலத்துக்கு ஒரு நெடுஞ்சாலை ரோந்து, பல்கலைக்கழகத்துக்குக்கூடத் தனிப் போலீஸ். ஷெரிஃப் பெரும்பாலான இடங்களில் தேர்தலில் நின்று ஓட்டு வாங்கிப் பதவிக்கு வருகிறவர். நகரப் போலீஸ் தலைவரை மேயரோ நகர நிர்வாகமோ நியமிக்கும், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடும். உள்ளூர்த் துறைகளில் ஏறக்குறைய பாதியில் முழுநேரக் காவலர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

எனவே ‘அமெரிக்கப் போலீஸ்’ என்று பொதுவாகப் பேசும்போதே பாதி தவறு நடந்துவிடுகிறது. நான் குடியிருக்கும் ஊரின் காவலர்கள் மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்கிவிட வருவார்கள். காரில் பதினைந்து நிமிடம் போனால் வரும் அடுத்த ஊரில் அதே சீருடை நிறத்தைக் கண்டதும் சிறுவர்கள் தெரு மாறி நடக்கிறார்கள்.

மொத்தத்தில் மக்கள் போலீஸை நம்புகிறார்களா?

கருத்துக்கணிப்பு நிறுவனமான காலப் 1993 முதல் இதைக் கேட்டு வருகிறது. போலீஸ் மீது ‘மிகுந்த’ அல்லது ‘கணிசமான’ நம்பிக்கை இருப்பதாகச் சொன்னவர்கள் 1993இல் 52 சதவீதம். 2004இல் 64 வரை ஏறியது, அதுதான் உச்சம். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையால் கொல்லப்பட்ட 2020இல் 48 ஆனது. இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியபின் பாதிக்குக் கீழே போனது அதுவே முதல்முறை. 2023இல் 43 வரை இறங்கி, 2024இல் 51க்குத் திரும்பியது.

43 என்றதும் பாதாளம் என்று நினைக்க வேண்டாம். இதே கணிப்பில் நாடாளுமன்றத்துக்குக் கிடைக்கும் எண்ணைப் பார்த்தால் போலீஸ்காரர்கள் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

இனத்துக்கு இனம் வித்தியாசம் எவ்வளவு?

2020இல் வெள்ளையரில் 56 சதவீதம் நம்பிக்கை தெரிவித்தார்கள். கறுப்பினத்தவரில் 19 சதவீதம். 37 புள்ளி இடைவெளி.

இது ‘போலீஸ்’ என்ற பொது நிறுவனத்தைப் பற்றிய கேள்வி. ‘உங்கள் ஊர்ப் போலீஸ் எப்படி?’ என்று கேட்டால் எல்லோருமே கொஞ்சம் இளகுவார்கள். தெரிந்த முகத்தைத் திட்டுவது கடினம். ஆனால் இடைவெளி அங்கேயும் மறையவில்லை. 2016இல் ப்யூ ஆய்வு மையம் உள்ளூர்ப் போலீஸைப் பற்றித் தனித்தனியாகக் கேட்டது: தேவையான அளவுக்கு மட்டும் பலப்பிரயோகம் செய்கிறார்களா, எல்லா இனத்தவரையும் ஒன்றுபோல் நடத்துகிறார்களா, தவறு செய்த காவலரைத் தண்டிக்கிறார்களா? மூன்றுக்கும் வெள்ளையரில் நாலில் மூன்று பங்கினர், கொஞ்சம் முன்னே பின்னே, ‘நன்றாகச் செய்கிறார்கள்’ என்றார்கள். கறுப்பினத்தவரில் அப்படிச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் பெரும்பாலான கணிப்புகளில் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்கள்.

அப்படியானால் கறுப்பினத்தவர் போலீஸே வேண்டாம் என்கிறார்களா?

இல்லை. எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருப்பது இதுதான்.

2020 கோடையில், ஊரெங்கும் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, காலப் ஒரு எளிய கேள்வி கேட்டது: ‘உங்கள் பகுதியில் போலீஸ் இப்போது செலவிடும் நேரம் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா, இப்படியே இருக்கலாமா?’ கறுப்பினத்தவரில் 61 சதவீதம் இப்படியே இருக்கட்டும் என்றார்கள். 20 சதவீதம் இன்னும் அதிகம் வேண்டும் என்றார்கள். குறையட்டும் என்றவர்கள் 19 சதவீதம்தான். குறையட்டும் என்று சொன்னதில் முந்திக்கொண்டவர்கள் யார் தெரியுமா? ஆசிய வம்சாவளியினர், 28 சதவீதம்.

அதே ஆய்வில் இன்னொரு கேள்வி: ‘போலீஸோடு பேச நேர்ந்தால் மரியாதையாக நடத்துவார்கள் என்று உறுதியாக நம்புகிறீர்களா?’ வெள்ளையரில் 56 சதவீதம் மிக உறுதியாக நம்பினார்கள், கறுப்பினத்தவரில் 18.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. வாசலில் போலீஸ் வண்டி நிற்க வேண்டும், ஆனால் அதிலிருந்து இறங்குகிறவன் என் பிள்ளையைத் திருடனாகப் பார்க்கக் கூடாது. தேவைக்கு மேல் சோதனை, தேவைக்குக் கீழ் பாதுகாப்பு. கறுப்பினத்தவர் குடியிருப்புகளில் இந்த இரண்டு புகாரும் ஒரே வாயிலிருந்து வரும். இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் லாரி வரவேண்டும் என்று கேட்கிறவள், லாரிக்காரன் ஏன் நடுராத்திரியில் வந்து திட்டுகிறான் என்றும் கேட்பாள் அல்லவா?

இந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது? டிவியில் பார்த்ததாலா?

டிவிக்கும் பங்கு உண்டு. ஆனால் வேர் அன்றாடத்தில் இருக்கிறது. அதற்கு ஃபெர்குசனைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் அது. 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞர் அங்கே போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர் கொதித்தது. துப்பாக்கியால் சுட்ட காவலர் மீது கிரிமினல் வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் மத்திய அரசின் நீதித்துறை (நம் ஊர்ச் சட்ட அமைச்சகம் போன்றது) அந்த ஊர்ப் போலீஸையே முழுவதுமாகக் குடைந்து 2015 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சம்பவத்தைவிட அந்த அறிக்கைதான் என்னை அதிகம் உலுக்கியது.

ஊரின் மக்கள்தொகையில் 67 சதவீதம் கறுப்பினத்தவர். வண்டியை நிறுத்திச் சோதித்ததில் அவர்கள் பங்கு 85 சதவீதம், அபராதச் சீட்டில் 90, கைதில் 93. ‘சாலையில் நடந்த விதம்’ என்றே ஒரு குற்றம் அங்கே உண்டு. அதில் பிடிபட்டவர்களில் 95 சதவீதம் கறுப்பினத்தவர். போலீஸ் நாய் கடித்த சம்பவங்களில் கடிபட்டவரின் இனம் பதிவாகியிருந்த ஒவ்வொன்றிலும் அவர் கறுப்பினத்தவரே. ஐம்பதுக்கும் மேற்பட்ட காவலர்களில் கறுப்பினத்தவர் நால்வர்.

இனவெறி மட்டும் என்று சொல்லிவிட்டால் பாதிதான் சொன்னதாகும். அபராதம் அந்த நகராட்சிக்கு வருமானம். வரி வசூல் போதாத ஊரில் நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கு வசூலைக் கூட்டச் சொல்லி எழுதுகிறார், தலைவர் காவலர்களை முடுக்குகிறார். அறிக்கையில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007இல் ஒரே ஒரு தடவை தவறான இடத்தில் காரை நிறுத்தினார். இரண்டு சீட்டு, 151 டாலரும் கட்டணங்களும். ஏழை, சில காலம் வீடின்றி இருந்தவர், கட்ட முடியவில்லை. நீதிமன்றத்துக்கு வரவில்லை என்று ஏழு முறை கூடுதல் வழக்கு. இரண்டு முறை கைது, ஆறு நாள் சிறை. நடுவில் 25 டாலர், 50 டாலர் என்று கையில் இருந்ததைக் கொண்டுபோய் நீட்டினார். முழுத் தொகை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2014 டிசம்பர் வரை அவர் கட்டியது 550 டாலர். பாக்கி 541.

இந்தப் பெண்ணிடம் போய், ‘உள்ளூர்ப் போலீஸ் மீது உங்கள் நம்பிக்கை எவ்வளவு?’ என்று கேட்டுப் படிவத்தில் குறித்துக்கொண்டால், அது கருத்துக்கணிப்பில் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

உண்மையிலேயே அதிகம் நிறுத்துகிறார்களா, அல்லது அப்படித் தோன்றுகிறதா?

இதை அளப்பது நினைப்பதுபோல் எளிதல்ல. ஒருவர் அதிகம் கார் ஓட்டினால், அல்லது ரோந்து அதிகமுள்ள பகுதியில் குடியிருந்தால், அதிகம் நிறுத்தப்படுவார். அதைப் பாகுபாடு என்று உடனே சொல்லிவிட முடியாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய 10 கோடி வாகன நிறுத்தங்களைத் திரட்டி ஓர் அழகான வழியைக் கையாண்டார்கள். மாலை ஏழு மணி கோடையில் வெளிச்சம், குளிர்காலத்தில் இருட்டு. அதே மணி, அதே சாலை. இருட்டில் ஓட்டுநரின் நிறம் தெரிவது கடினம். நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு இருட்டியபின் குறைந்தது. 2020இல் வெளிவந்த அந்த ஆய்வு, கறுப்பினத்தவர், லத்தீன் வம்சாவளியினர் ஆகியோரின் வண்டிகளைக் குறைந்த சந்தேகத்துக்கே சோதனை போடுகிறார்கள் என்றும் காட்டியது.

நடந்துபோகிறவர்கள் கதைக்கு நியூயார்க். 2011இல் மட்டும் அந்த நகரப் போலீஸ் தெருவில் ஆட்களை நிறுத்தி விசாரித்தது 6,85,724 தடவை. பலரை உடலைத் தடவியும் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது நிறுத்தங்கள், துல்லியமாகச் சொன்னால் 88 சதவீதம், கைதோ அபராதமோ இல்லாமலே முடிந்தன. நிறுத்தப்பட்டவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், மூன்றில் ஒருவர் லத்தீன் வம்சாவளியினர். 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின், அது நடைமுறைப்படுத்தப்பட்ட விதம் அரசமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். அந்த ஆறு லட்சம் நிறுத்தங்களில் குற்றம் எதுவும் இல்லாமல் போகவிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும், அவர்களும் கருத்துக்கணிப்புக்குப் பதில் சொல்கிறார்கள்.

போலீஸ் நிறுத்தினால் எப்படி இருக்கும்? உங்களுக்கு அனுபவம் உண்டா?

உண்டு. வந்த முதல் வருடம், இரவு பத்து மணி இருக்கும். பின்னாலே சிவப்பும் நீலமுமாக விளக்கு. ஓரம் கட்டினேன். நம் ஊரில் என்ன செய்வோம்? வண்டியைவிட்டு இறங்கி, கையில் லைசென்ஸோடு, ‘சார்’ என்றபடி நடந்துபோவோம். உட்கார்ந்தபடியே இருந்தால் திமிர் என்பார்கள். நானும் கதவைத் திறந்து இறங்கினேன். பின்னால் நின்ற வண்டியின் ஒலிபெருக்கியில் ஒரு அலறல். காவலரின் வலது கை இடுப்புக்குப் போனதைப் பார்த்தேன். எனக்குக் கால் நடுங்கிவிட்டது. அவருக்கும் நடுக்கம்தான் என்பது கிட்டே வந்தபோது குரலில் தெரிந்தது. பின்விளக்கு ஒன்று எரியவில்லை, அதற்குத்தான் நிறுத்தினாராம். எச்சரித்து அனுப்பினார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். உடன் வேலை பார்த்த கறுப்பினத்தவர் ஒருவர் சிரிக்கவில்லை. ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மேசை விளிம்பில், ஸ்டீயரிங்கில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் வைப்பதுபோல் வைத்துக் காட்டினார். உள்விளக்கைப் போடு, கண்ணாடியை இறக்கு, கைகள் இங்கே தெரியட்டும், லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மெதுவாக எடு. தன் மகனுக்குப் பன்னிரண்டு வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டாராம். கறுப்பினக் குடும்பங்களில் இதற்குப் பெயரே ‘அந்தப் பேச்சு’ என்பதுதான். அந்தப் பேச்சு என்றாலே எந்தப் பேச்சு என்று எல்லோருக்கும் தெரியும். அதே மேசையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஐம்பது வயதுக்காரர், தன் தந்தையிடம் இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

வயது என்ன வேலை செய்கிறது?

பொதுவிதி எளிது: வயது ஏற ஏற நம்பிக்கை ஏறும். காரணம்தான் ஒன்றல்ல, மூன்று நான்கு.

முதலாவது, யார் போலீஸோடு முட்டிக்கொள்கிறார்கள் என்பது. மத்திய நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 16 வயதுக்கு மேற்பட்டோரிடம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு நடத்துகிறது. 2018இல் 6 கோடிக்கும் மேற்பட்டோர், அதாவது நாலில் ஒருவர், அந்த ஆண்டில் போலீஸோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது என்றார்கள். 18 முதல் 24 வயதுக்காரர்களுக்குத்தான் தொடர்பு மிக அதிகம். பெரியவர்கள் தொடர்பு கொள்ளும்போது பெரும்பாலும் அவர்களே கூப்பிட்டிருப்பார்கள். இளைஞர்களைத் தேடி அது தானாக வருகிறது. தானே கூப்பிட்டு வந்தவருக்கும் கூப்பிடாமல் வந்தவருக்கும் ஒரே வரவேற்பு கிடைக்குமா?

இரண்டாவது, வீடு வாங்கியவர்கள், பிள்ளை பெற்றவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் ஆகியோருக்குப் பூட்டு உடையும் பயம் அதிகம். மூன்றாவது, கைபேசி. 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு காவலரின் முழங்கால் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக அழுந்தியிருந்ததை உலகுக்குக் காட்டியது 17 வயதுப் பெண்ணின் கைபேசி.

நான்காவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க இளைஞர்களும் முதியவர்களும் ஒரே மக்களின் இரண்டு வயதுகள் அல்ல. 65 வயதுக்கு மேற்பட்டோரில் நாலில் மூன்று பங்கு வெள்ளையர். 18க்குக் கீழே இருப்பவர்களில் வெள்ளையர் பாதிக்கும் குறைவு. ஆக, ‘இளைஞர்கள் போலீஸை நம்புவதில்லை’ என்ற தலைப்புச் செய்தியில் ஒரு பகுதி வயது, இன்னொரு பகுதி வேறு உடை போட்டுவந்த இனம்.

கறுப்பின முதியவர்கள் தனிக் கதை. அவர்களின் பேரப்பிள்ளைகளைவிட அவர்களுக்குப் போலீஸ் மேல் கொஞ்சம் கூடுதல் பொறுமை இருக்கிறது. 1963இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் சிறுவர் சிறுமியர் மீது நாய்களை ஏவியதையும் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியடித்ததையும் கண்ணால் கண்ட தலைமுறை அது. அவர்கள் இன்றைய காவலரை அன்றைய காவலரோடு ஒப்பிடுகிறார்கள். பேரன் ஒப்பிடுவது பக்கத்து வெள்ளைக்காரப் பையனோடு.

‘போலீஸுக்குப் பணத்தை நிறுத்து’ என்ற முழக்கத்தை யார் ஆதரித்தார்கள்?

2020 ஜூலையில் காலப் இதைவிடக் கடுமையாகவே கேட்டது: போலீஸையே ஒழித்துவிடலாமா? மொத்தத்தில் ஆதரவு 15 சதவீதம். கறுப்பினத்தவரில் 22, வெள்ளையரில் 12, அதாவது பத்துப் புள்ளிதான் வித்தியாசம். வயதை வைத்துப் பிரித்தால் 35க்கு உட்பட்டோரில் 33 சதவீதம், 50க்கு மேற்பட்டோரில் 4! நம்பிக்கை விஷயத்தில் இனம் பெரிய கோடு, ஒழிப்பு விஷயத்தில் வயது பெரிய கோடு. போலீஸ் ஒழிப்பைக் ‘கறுப்பினத்தவரின் கோரிக்கை’ என்று எழுதிய பத்திரிகைகள் இந்த அட்டவணையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஃபிளாய்ட் கொல்லப்பட்ட ஊரிலேயே 2021 நவம்பரில் இது வாக்கெடுப்புக்கு வந்தது. போலீஸ் துறையை எடுத்துவிட்டுப் ‘பொதுப் பாதுகாப்புத் துறை’ என்று புதிதாக அமைக்கலாமா? 56 சதவீதம் வேண்டாம் என்றார்கள்.

கட்சி?

எல்லாவற்றையும்விடப் பெரிய பிளவு அதுதான். 2020இல் குடியரசுக் கட்சியினரில் 82 சதவீதம் போலீஸை நம்பினார்கள், ஜனநாயகக் கட்சியினரில் 28. அதற்குமேல் இதில் நுழைந்தால் இந்தப் பக்கம் முடியாது.

லத்தீன் வம்சாவளியினரின் கவலை வேறா?

ஒரு பகுதி வேறு. குடியேற்றம். மத்திய அரசின் குடியேற்ற அதிகாரிகளுக்கு உள்ளூர்ப் போலீஸ் துணைபோக 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்தது. டெக்சாஸ் 2017இல் உள்ளூர்ப் போலீஸ் ஒத்துழைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. அதே ஆண்டில் கலிஃபோர்னியா அதற்கு நேர் எதிராக, ஒத்துழைப்பைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. ஆவணமில்லாத ஒருவர் வீட்டில் இருந்தாலும் போதும், திருட்டுக் கொடுத்தவர்கூடப் போலீஸைக் கூப்பிட இருமுறை யோசிப்பார். பல நகரப் போலீஸ் தலைவர்களே இந்த ஒத்துழைப்பு வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். சாட்சி சொல்ல ஆள் வரமாட்டார்கள்.

நம்பிக்கை போனால் மக்கள் போலீஸைக் கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறார்களா?

ஆய்வாளர்களே இதில் அடித்துக்கொள்கிறார்கள். மில்வாக்கியில் 2004இல் பணியில் இல்லாத காவலர்கள் ஒருவரை அடித்து நொறுக்கிய செய்தி பின்னர் வெளியானது. அதையடுத்த ஓராண்டில் 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரவேண்டிய சுமார் 22,000 அழைப்புகள் வராமல் போயின, பாதிக்கு மேல் கறுப்பினத்தவர் பகுதிகளில், என்று 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. கணக்கில் ஒழுங்கற்ற சில எண்கள் முடிவைத் திரித்துவிட்டன என்று நான்காண்டு கழித்து இன்னொருவர் மறுத்தார். முதல் குழுவினர் மறுப்புக்கு மறுப்பு எழுதினார்கள். நான் நடுவராக இருக்க விரும்பவில்லை.

கறுப்பினக் காவலர்களை அதிகம் சேர்த்தால் சரியாகிவிடுமா?

ஓரளவுக்கு. சிகாகோவில் ஒரே நேரம், ஒரே பகுதி, ஒரே வேலை என்று வைத்து ஒப்பிட்ட 2021 ஆய்வில், கறுப்பினக் காவலர்கள் ஆட்களை நிறுத்தியதும் கைது செய்ததும் பலத்தைப் பயன்படுத்தியதும் வெள்ளைக் காவலர்களைவிடக் குறைவு. குறிப்பாகச் சில்லறை விஷயங்களில்.

ஆனால் 2023 ஜனவரியில் மெம்ஃபிஸில் டயர் நிக்கல்ஸ் என்ற 29 வயதுக் கறுப்பின இளைஞரை அடித்ததற்காகக் கொலை வழக்கில் சேர்க்கப்பட்ட ஐந்து காவலர்களும் கறுப்பினத்தவரே. சீருடைக்கென்று ஒரு நிறம் உண்டு.

துறைக்குள்ளேயும் பிளவு இருக்கிறது. கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கிடைக்கத் தேவையான மாற்றங்களை நாடு செய்து முடித்துவிட்டதா என்று ப்யூ மையம் காவலர்களிடம் கேட்டு 2017இல் வெளியிட்டது. வெள்ளைக் காவலர்களில் 92 சதவீதம் ஆம் என்றார்கள். கறுப்பினக் காவலர்களில் 29 சதவீதம். ஒரே ரோந்து வண்டியில் முன்சீட்டில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பவர்கள்!

பார்வையை மாற்ற முடியுமா?

கெட்ட செய்தியை முதலில் சொல்கிறேன். வெஸ்லி ஸ்கோகன் என்ற ஆய்வாளர் 2006இல் காட்டியது இது: போலீஸோடு ஒரு மோசமான அனுபவம் மனத்தில் ஏற்படுத்தும் பாதிப்பு, நல்ல அனுபவத்தின் பாதிப்பைவிட நான்கு முதல் பதினான்கு மடங்கு. பத்துக் காவலர்கள் கட்டியதை ஒருவர் ஐந்து நிமிடத்தில் இடித்துவிடலாம்.

டாம் டைலர் என்ற சட்டப் பேராசிரியரின் நீண்டகால ஆய்வுகள் சொல்வது, அபராதம் கிடைத்ததா இல்லையா என்பதைவிட, தன் தரப்பைச் சொல்லவிட்டார்களா, காரணம் சொன்னார்களா, மரியாதையாகப் பேசினார்களா என்பதுதான் மக்களுக்கு முக்கியம் என்று. என் பின்விளக்கு விவகாரத்தை நினைத்தால் ஒத்துப்போகிறது. அவர் அலறியது நினைவில் இருக்கும் அளவுக்கு, எச்சரிக்கையோடு விட்டுவிட்டது நினைவில் இல்லை.

நல்ல செய்தி கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரிலிருந்து. சீருடையில் காவலர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, குற்றம் விசாரணை எதுவும் இல்லாமல், தங்களை அறிமுகம் செய்துகொண்டு சில நிமிடம் பேசிவிட்டு வந்தார்கள். யார் வீட்டுக்குப் போவது என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த முறையான சோதனை இது. 2019இல் வெளிவந்த முடிவில், பார்வை மேம்பட்டிருந்தது மட்டுமல்ல, 21 நாள் கழித்துக் கேட்டபோதும் அது தங்கியிருந்தது. வெள்ளையரல்லாதவர்களிடம் மாற்றம் கூடுதல். பத்து நிமிடப் பேச்சு முந்நூறு ஆண்டுக் கணக்கைத் தீர்க்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் இதைவிட மலிவான மருந்து வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த எண்களைப் படிக்கும்போது எங்கே ஏமாறுவோம்?

ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கத்தில். ஆயிரம் பேரிடம் எடுக்கும் கணிப்பில் கறுப்பினத்தவர் நூற்றுச் சொச்சம் பேர்தான் இருப்பார்கள். அவ்வளவு சின்னக் கூட்டத்தில் எட்டு ஒன்பது புள்ளிப் பிழை சாதாரணம். ‘கறுப்பினத்தவரிடம் நம்பிக்கை ஐந்து புள்ளி உயர்வு’ என்று எழுதினால், இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ‘போலீஸா’, ‘உங்கள் ஊர்ப் போலீஸா’ என்பதையும் பாருங்கள்.

சாத்தான்குளத்தோடு ஒப்பிடுவது சரியா?

2020 ஜூனில், ஃபிளாய்ட் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார்கள். ஒப்பீடு தானாகவே எழுந்தது, எழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். வேறுபாடு என்று கேட்டால் ஒன்றைச் சொல்வேன்: ஃபிளாய்டுக்கு நடந்தது தெருவில், கைபேசிகளுக்கு முன்னால்.

இந்தியர்கள் இதில் எங்கே நிற்கிறோம்?

பெரும்பாலும் வசதியான ஊரில், நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், பூனை இறக்கும் போலீஸோடு. ‘நம்மை ஒன்றும் செய்யமாட்டார்கள்’ என்ற எண்ணம் நம்மவர்களிடம் பரவலாக உண்டு. கோவில் திருவிழாவில் போக்குவரத்தைச் சரிசெய்ய வரும் காவலருக்குப் பிரசாதம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வோம். தப்பில்லை.

2015 பிப்ரவரி 6. அலபாமா மாநிலத்தில் மாடிசன் என்ற ஊர். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்து ஒன்றிரண்டு வாரமே ஆகியிருந்த 57 வயதுப் பெரியவர், மகன் வீட்டுக்கு வெளியே நடைபாதையில் காலையில் நடந்துகொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் ஒருவர் போலீஸைக் கூப்பிட்டார். காவலர்கள் வந்து கேட்டதற்கு இவரால் சொல்ல முடிந்தது, ‘இங்கிலீஷ் இல்லை, இந்தியா’ என்பதுதான். ஒரு காவலர் இவர் கைகளைப் பின்னால் பிடித்துக் காலை வாரி முகம் குப்புறத் தரையில் சாய்த்தார். கழுத்து எலும்பில் அறுவை சிகிச்சை, பகுதிப் பக்கவாதம். காவலர் மீதான மத்திய வழக்கில் இரண்டு முறை ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 2016 ஜனவரியில் நீதிபதி அவரை விடுவித்தார்.

போலீஸைக் கூப்பிட்டவரின் தொலைபேசிப் பதிவு பின்னர் வெளியானது. தெருவில் பார்த்த ஆளை அவர் அடையாளம் சொன்னது இப்படி: ஒல்லியான கறுப்பு ஆள்.